கேட்காதவர்களுக்கும் சேர்த்துக் கட்டும் பள்ளி: வேல்ஸ் உள்ளாட்சிகளின் மொழித் திட்டம்

நேயர்களுக்கு வணக்கம்.

பிரிட்டனின் ஓர் அங்கமான வேல்ஸ் நாட்டில் மொத்தம் 22 உள்ளாட்சி மன்றங்கள் இருக்கின்றன. கார்டிஃப் போன்ற தலைநகரானாலும் சரி, மூடிப்போன நிலக்கரிச் சுரங்கங்களுக்கு நடுவே கிடக்கும் மெர்த்தர் டிட்வில் போன்ற சின்ன மன்றமானாலும் சரி, ஒவ்வொன்றும் ஒரு பத்தாண்டுத் திட்டம் எழுதி வேல்ஸ் அரசிடம் ஒப்புதல் வாங்கியாக வேண்டும். தங்கள் எல்லைக்குள் ஐந்து வயதை எட்டும் பிள்ளைகளில் எத்தனை பேர் அந்நாட்டின் சொந்த மொழியான வெல்ஷில் படிப்பைத் தொடங்குவார்கள் என்று அந்தத் திட்டத்தில் எண்ணைப் போட்டு எழுத வேண்டும். "ஊக்குவிப்போம்", "ஆவன செய்வோம்" என்று எழுதிவிட்டு நகர முடியாது. இப்போது நடப்பில் இருப்பவை 2022 செப்டம்பரில் தொடங்கிய திட்டங்கள். 2032 வரை ஓடும்.

இன்று அவற்றைப் பற்றித்தான் பேச வந்திருக்கிறேன். மொழி என்றதும் கவிதையையும் மேடை முழக்கத்தையும் எதிர்பார்த்து வானொலியைத் திறந்தவர்கள் மன்னிக்க வேண்டும். இந்த உரையில் பேருந்தும் பிறப்புக் கணக்கும் காலி இருக்கைகளும்தான் அதிகம் வரும். ஒரு மொழி பிழைப்பதும் தேய்வதும் அந்தக் கணக்குகளுக்குள்ளேதான் பெரும்பாலும் முடிவாகிறது என்பது என் எண்ணம்.

முதலில் நாட்டைப் பற்றிக் கொஞ்சம். வேல்ஸின் மக்கள்தொகை முப்பது லட்சத்துக்குச் சற்று மேல். 1891 கணக்கெடுப்பில் பாதிக்கும் அதிகமானோர் வெல்ஷ் பேசினார்கள். 1911-ல் பேசுவோர் எண்ணிக்கை பத்து லட்சத்தை நெருங்கியது. ஆனால் நிலக்கரிக்காகவும் இரும்புக்காகவும் வெளியிலிருந்து வந்து குடியேறியவர்கள் பெருகியதால், விழுக்காடு அதற்குள் நாற்பத்து நான்கை ஒட்டி இறங்கிவிட்டது. 1961-ல் 26. 2021-ல் 17.8, ஆள் கணக்கில் 5,38,000.

இந்தச் சராசரியை வைத்துக்கொண்டு ஒரு முடிவுக்கும் வர முடியாது. வடமேற்கில் இருக்கும் க்வினெத் மாவட்டத்தில் 64 விழுக்காட்டினர் வெல்ஷ் பேசுகிறார்கள். கடைக்குப் போனால் அந்த மொழிதான், கால்பந்து மைதானத்திலும் அந்த மொழிதான். தென்கிழக்கில் பிளைனாய் க்வென்ட் என்ற பழைய சுரங்கப் பகுதியில் 6 விழுக்காட்டினர்தான். இரண்டு இடத்துக்கும் சட்டம் ஒன்றே, திட்டப் படிவமும் ஒன்றே. ஆனால் க்வினெத்தின் கவலை இருப்பதைக் காப்பது, பிளைனாய் க்வென்ட்டின் கவலை இல்லாததைத் தொடங்குவது.

இங்கே ஒன்றைத் தெளிவுபடுத்திவிடுகிறேன். தாய்மொழிவழிக் கல்வி என்று சொல்லிப் பழகிய நமக்கு, வீட்டில் பேசும் மொழியிலேயே பள்ளியிலும் படிப்பது என்ற பொருள்தான் தோன்றும். தென்கிழக்கு வேல்ஸின் வெல்ஷ் வழிப் பள்ளிகளில் கதை வேறு. அங்கே படிக்கும் பிள்ளைகளில் பெரும்பான்மையினர் ஆங்கிலம் மட்டும் பேசும் வீடுகளிலிருந்து வருகிறார்கள். தாத்தா பாட்டி காலத்தில் வீட்டைவிட்டுப் போன மொழியைப் பேரப்பிள்ளை பள்ளியிலிருந்து திரும்பக் கொண்டுவருகிறது. எனவே அந்த வட்டாரத்தில் பள்ளி இல்லையென்றால் மொழி கிடைக்க வேறு வழியே இல்லை.

அந்த மொழி வீட்டைவிட்டுப் போனதிலும் பள்ளிக்குப் பங்கு உண்டு. 1847-ல் லண்டன் அரசு வேல்ஸின் பள்ளிகளைப் பற்றி ஓர் அறிக்கை வெளியிட்டது. விசாரணைக்குப் போன மூன்று ஆணையர்களுக்கும் வெல்ஷ் தெரியாது. மக்களின் பின்தங்கிய நிலைக்கு அவர்களுடைய மொழியும் ஒரு காரணம் என்று எழுதிவைத்தார்கள். அட்டையின் நிறத்தை வைத்து அந்த அறிக்கையை 'நீலப் புத்தகங்களின் துரோகம்' என்றுதான் வேல்ஸ் மக்கள் இன்றும் குறிப்பிடுகிறார்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டில் பல பள்ளிகளில் வெல்ஷ் பேசிய பிள்ளையின் கழுத்தில் ஒரு மரத்துண்டைத் தொங்கவிடும் வழக்கமும் இருந்தது. இதை நீட்டி முழக்க வேண்டியதில்லை. வரலாற்றுக் காயத்தைப் பேசியே நேரத்தைக் கழித்துவிடும் உரைகள் போதுமான அளவு இருக்கின்றன.

நான் சொல்ல வருவது 1939-க்குப் பிறகு நடந்தது. அந்த ஆண்டு அபெரிஸ்ட்வித் நகரில் இஃபான் அப் ஓவென் எட்வர்ட்ஸ் என்பவர் ஒரு தனியார் வெல்ஷ் வழித் தொடக்கப் பள்ளியைத் திறந்தார். வேல்ஸின் இளைஞர் இயக்கமான 'உர்த்'தை 1922-ல் நிறுவியவரும் இவரே. பள்ளி தொடங்கும்போது பிள்ளைகள் ஏழு பேர். ஆசிரியை நோரா ஐசக். எட்டு ஆண்டு கழித்து, 1947-ல், லானெல்லி நகரில் உள்ளாட்சியே நடத்தும் முதல் வெல்ஷ் வழித் தொடக்கப் பள்ளி திறந்தது. பெற்றோரின் விருப்பத்தைக் கருத்தில் கொள்ள வேண்டும் என்று 1944 கல்விச் சட்டம் சொல்லியிருந்ததுதான் அதற்குப் பிடிமானம்.

உயர்நிலைப் பள்ளிக்கு இன்னும் ஒன்பது ஆண்டு காத்திருக்க வேண்டியிருந்தது. 1956-ல் வடகிழக்கில் ஃபிளின்ட்ஷையர் மன்றம் ரில் நகரில் கிளான் குலூயித் பள்ளியைத் திறந்தது. மொழி செழித்திருந்த க்வினெத் பக்கம் வராமல் ஆங்கில எல்லையோரத்தில் முதல் பள்ளி வந்ததற்குக் காரணம், அந்த மன்றத்தின் கல்வி இயக்குநர் ஹேடன் வில்லியம்ஸ். ஓர் அதிகாரி தன் மேசையில் இருந்த அதிகாரத்தைப் பயன்படுத்தினார். தெற்கில் 1962-ல் பொன்டிப்ரித் அருகே ரிட்வெலன் பள்ளி வந்தது. இயற்பியலையும் வேதியியலையும் வெல்ஷில் கற்பிக்க முடியுமா என்று கேலி பேசியவர்களுக்கு நடுவே அந்தப் பள்ளிகள் தங்களுக்கு வேண்டிய பாடக் குறிப்புகளைத் தாங்களே எழுதிக்கொண்டு நடந்தன.

இதற்கடுத்த முப்பது நாற்பது ஆண்டுக் கதை கிட்டத்தட்ட எல்லா ஊரிலும் ஒன்றேதான். பெற்றோர் கூடுவார்கள். கையெழுத்து வாங்குவார்கள். மன்றக் கூட்டத்துக்குப் போய் உட்காருவார்கள். 1952-ல் தொடங்கிய வெல்ஷ் வழிக் கல்விக்கான பெற்றோர் அமைப்பும், 1971-ல் தொடங்கிய மழலையர் பள்ளி இயக்கமும் பின்னால் நின்று தள்ளின. மழலையர் இயக்கம் தேவாலயக் கூடங்களிலும் ஊர்ப் பொது மண்டபங்களிலும் இரண்டு மூன்று வயதுப் பிள்ளைகளுக்கு வெல்ஷில் விளையாட்டுக் குழுக்கள் நடத்தியது. அந்தப் பிள்ளைகள் நான்கு வயதை எட்டியதும், அவர்கள் போக ஒரு பள்ளி வேண்டுமே என்று மன்றத்துக்கு நெருக்கடி வரும். மன்றம் தள்ளிப்போடும். பிறகு ஒருநாள், காலியாகிக்கொண்டிருந்த ஓர் ஆங்கிலப் பள்ளியின் பழைய கட்டடத்தைக் கொடுக்கும். ஐந்து ஆண்டில் அந்தக் கட்டடம் நிரம்பி வழியும். அடுத்த கையெழுத்து வேட்டை தொடங்கும்.

இந்தப் பெற்றோர்களின் பிடிவாதத்தை நான் குறைத்துப் பேசவில்லை. அவர்கள் இல்லாவிட்டால் தெற்கு வேல்ஸில் இன்று பேச ஒன்றும் இருந்திருக்காது. ஆனால் ஓர் அரசு ஏற்பாடு அவர்களை நம்பியே நடந்ததுதான் தவறு. மாலையில் கூட்டத்துக்கு வர நேரமும், அதிகாரியிடம் வாதாடத் துணிச்சலும், பிள்ளையைக் காரில் ஏற்றிக்கொண்டு பத்து மைல் ஓட்ட வசதியும் உள்ள பெற்றோரின் பகுதியில் பள்ளி வந்தது. மற்ற இடங்களில் வரவில்லை. வராத இடத்தில் யாரும் கேட்கவில்லை என்று மன்றங்கள் கணக்குக் காட்டின. தெருவில் பள்ளியே இல்லாதபோது அதை எப்படிக் கேட்பார்கள்?

சட்டமும் வெகுகாலம் இந்த வழியிலேயே நடந்தது. 1993 வெல்ஷ் மொழிச் சட்டத்தின் கீழ் மன்றங்கள் வெல்ஷ் கல்வித் திட்டம் தயாரித்தன. 2010-ல் வேல்ஸ் அரசு தேசிய அளவில் வெல்ஷ் வழிக் கல்விக்கான உத்தியை வெளியிட்டது. 2013-ன் பள்ளித் தரங்கள் மற்றும் அமைப்புச் சட்டம்தான் இந்தத் திட்டங்களை மன்றங்களின் சட்டக் கடமையாக்கியது. ஆனால் அந்தச் சட்டத்திலும் நடுநாயகமாக இருந்தது கோரிக்கைக் கணிப்புதான். உங்கள் பிள்ளையை எந்த மொழியில் படிக்கவைக்க விரும்புகிறீர்கள் என்று பெற்றோருக்குப் படிவம் அனுப்பி, வந்த பதிலை எண்ணி, அதற்கேற்பத் திட்டமிடுவது. இப்படிப்பட்ட கணக்கெடுப்பை மன்றம் இரண்டு விதமாகவும் பயன்படுத்தலாம். பதில் அதிகமாக வந்தால் இடத்தைக் கூட்டலாம். குறைவாக வந்தால் கையைக் கட்டிக்கொண்டு உட்காரலாம்.

திருப்பம் 2017-ல் வந்தது. 2050-க்குள் பத்து லட்சம் வெல்ஷ் பேசுவோர் என்ற இலக்கை அந்த ஆண்டு ஜூலையில் வேல்ஸ் அரசு முறையாக அறிவித்தது. அதற்கான கணக்கைப் போட்டபோது, வீடுகளில் தானாக நடக்கும் மொழிக் கைமாற்றத்தை மட்டும் நம்பி அந்த எண்ணை எட்ட முடியாது என்பது தெளிவாயிற்று. பள்ளிதான் பெரும் பங்கைச் சுமக்க வேண்டும். அப்போது ஒவ்வொரு வயது அணியிலும் 22 விழுக்காட்டுப் பிள்ளைகள் வெல்ஷ் வழியில் படித்துக்கொண்டிருந்தார்கள். அது 2031-ல் 30 ஆகவும், 2050-ல் 40 ஆகவும் உயர வேண்டும் என்று எழுதினார்கள். அதே நேரத்தில் மன்றங்கள் அனுப்பியிருந்த திட்டங்களை எடுத்துப் பார்த்தால், அவற்றையெல்லாம் கூட்டினாலும் அந்த எண் பக்கத்தில்கூட வராது.

அந்தத் திட்டங்களை மறுபரிசீலனை செய்யும் பொறுப்பை ஆலெட் ராபர்ட்ஸிடம் கொடுத்தார்கள். நல்ல தேர்வு. அவர் ரெக்ஸம் மன்றத்தின் தலைவராக இருந்தவர், பிறகு வேல்ஸ் சட்டமன்ற உறுப்பினர். மன்ற அலுவலகத்துக்குள் ஒரு திட்டம் எப்படி எழுதப்படுகிறது, எந்த அலமாரியில் போய் உறங்குகிறது என்பது அவருக்குத் தெரியும். அவருடைய அறிக்கையை ஒட்டி 2019-ல் விதிகள் புதிதாக எழுதப்பட்டன. மூன்றாண்டுத் திட்டம் பத்தாண்டுத் திட்டமாயிற்று. பெற்றோரின் கோரிக்கையை எண்ணுவது போய், இலக்கு வந்தது. எவ்வளவு உயர்த்த வேண்டும் என்பதை அரசே ஒவ்வொரு மன்றத்துக்கும் கணக்கிட்டுக் கொடுத்தது. கொரோனாவால் ஓராண்டு தள்ளி 2022 செப்டம்பரில் புதிய திட்டங்கள் நடைமுறைக்கு வந்தன. அதற்குள் வெல்ஷ் மொழி ஆணையராகிவிட்டிருந்த ராபர்ட்ஸ் அந்த ஆண்டு பிப்ரவரியில் இறந்துபோனார்.

கோரிக்கையிலிருந்து இலக்குக்கு என்பது காகிதத்தில் சின்ன மாற்றம் போலத் தெரியும். மன்ற அலுவலகத்தில் அது வேலையையே தலைகீழாக்கிவிட்டது. முன்பு கேள்வி, இடம் கேட்டவர்களுக்கு எங்கே இடம் தருவது என்பது. இப்போது கேள்வி, இத்தனை பிள்ளைகள் 2032-ல் வெல்ஷ் வழியில் சேர வேண்டுமென்றால் எந்தத் தெருவில், எந்த ஆண்டில், எத்தனை இடத்தைத் திறந்து வைப்பது என்பது. முதலில் இடம், பிறகு ஆள்.

இதற்குக் கார்டிஃப் நல்ல எடுத்துக்காட்டு. துறைமுகத்தை ஒட்டிய பியூட்டவுன் பகுதியில் சோமாலியரும் யேமனியரும் தலைமுறைகளாக வாழ்கிறார்கள். வெல்ஷ் வழிப் பள்ளி வெள்ளைக்கார நடுத்தர வர்க்கத்துக்கானது என்ற பேச்சு கார்டிஃபில் நெடுநாள் உண்டு. பியூட்டவுனுக்கும் பக்கத்து கிரேஞ்ச்டவுனுக்கும் சேர்த்து ஹமாட்ரியாட் பள்ளியை 2016-ல் தற்காலிக இடத்தில் தொடங்கினார்கள். 2019-ல் அது பியூட்டவுனில் சொந்தக் கட்டடத்துக்குக் குடிபோனது. கட்டடம் வரும்வரை காத்திருக்காமல் முதல் வகுப்பை முதலில் திறந்துவிடும் இந்த முறையை நாற்றுப் பள்ளி என்று சொல்லலாம். ஆண்டுக்கு ஒரு வகுப்பாக அது வளரும். செலவும் ஒரே நாளில் தலையில் விழாது.

நகரின் மேற்கே பிளாஸ்டூர் என்ற இடத்தில் பல்லாயிரம் வீடுகள் கொண்ட புதுக் குடியிருப்பு எழுந்துகொண்டிருக்கிறது. அதற்கான முதல் தொடக்கப் பள்ளி 2023-ல் திறந்தது. அதில் ஒரு பிரிவு முழுக்க வெல்ஷ் வழி, மற்றொரு பிரிவு இரு மொழிகளையும் பாதிப்பாதி வைத்து நடப்பது. குடிவருபவர்கள் பெட்டியை இறக்கும்போதே பள்ளி அங்கே நிற்கிறது என்பதுதான் இதன் சிறப்பு. வீட்டுவசதித் துறையும் கல்வித் துறையும் ஒரே வரைபடத்தைப் பார்த்தால்தான் இது நடக்கும். ஒரே கட்டடத்தில் இருந்துகொண்டே இரண்டு வரைபடம் வைத்திருக்கும் மன்றங்கள் எத்தனையோ.

இனி பேருந்துக்கு வருகிறேன். இந்த உரையில் நான் அதிக நேரம் எடுத்துக்கொள்ளப் போவது இதற்குத்தான்.

வேல்ஸில் தொடக்கப் பள்ளிப் பிள்ளை 2 மைல், உயர்நிலைப் பள்ளிப் பிள்ளை 3 மைல், இதற்கு மேல் தொலைவு இருந்தால் மன்றம் இலவசமாக அழைத்துப்போக வேண்டும். 2008-ன் பயணச் சட்டம் அப்படிச் சொல்கிறது. வெல்ஷ் வழிக் கல்வியை எட்டும் வாய்ப்பை மன்றங்கள் ஊக்குவிக்க வேண்டும் என்றும் அதில் ஒரு பிரிவு உண்டு. ஆனால் நடந்துபோகும் தொலைவில் ஆங்கிலப் பள்ளி இருக்கும்போது, தொலைவில் உள்ள வெல்ஷ் பள்ளிக்குக் கட்டாயம் பேருந்து தர வேண்டும் என்று நேரடியாக அது சொல்லவில்லை. பெரும்பாலான மன்றங்கள் தங்கள் கொள்கையாகவே தருகின்றன. கொள்கை என்றால், பணம் சுருங்கும் ஆண்டில் கைவைக்கத் தோதான இடம் என்று பொருள். பதினாறு வயதுக்கு மேல் அதுவும் இல்லை. முற்றிலும் மன்றத்தின் விருப்பம்.

விதி எல்லோருக்கும் பொதுவாக இருந்தும் அடி ஒரே பக்கம் விழுவதைக் கவனியுங்கள். ஆங்கில வழிப் பள்ளிகள் நெருக்கமாக இருக்கின்றன. பெரும்பாலான பிள்ளைகள் நடந்தே போகலாம். வெல்ஷ் வழி உயர்நிலைப் பள்ளி ஒன்று இரண்டு மூன்று பள்ளத்தாக்குகளுக்குச் சேர்த்து இருக்கும். பேருந்துச் சலுகையைச் சுருக்கினால் ஆங்கிலப் பள்ளியில் ஒரு சிறு பகுதிப் பிள்ளைகளுக்குச் சிரமம். வெல்ஷ் பள்ளியில் பெரும் பகுதிக்கு. பெற்றோர் கணக்குப் போடுவார்கள். பக்கத்தில் இருக்கும் பள்ளியிலேயே சேர்த்துவிடலாம் என்று முடிவெடுப்பார்கள். மொழித் திட்டம் எழுதிய அதிகாரிக்கு அந்த முடிவு தெரிய வருவது மூன்று ஆண்டு கழித்து, சேர்க்கை எண்ணைப் பார்க்கும்போது.

மெர்த்தர் டிட்வில்லில் வெல்ஷ் வழித் தொடக்கப் பள்ளிகள் உண்டு. உயர்நிலைப் பள்ளி கிடையாது. பதினோரு வயதில் பிள்ளைகள் பக்கத்து மன்றமான ரோண்டா கனன் டாஃபின் எல்லைக்குள் இருக்கும் ரிட்வைன் பள்ளிக்குப் போகிறார்கள். பிளைனாய் க்வென்ட்டில் 2020-களில்தான் இரண்டாவது வெல்ஷ் வழித் தொடக்கப் பள்ளி வந்தது. அங்கும் உயர்நிலை இல்லை, பிள்ளைகள் டோர்வைனில் உள்ள குவின்லூ பள்ளிக்குப் போகிறார்கள். இந்த மாதிரி இடங்களில் தொடக்கப் பள்ளிக்கு இலக்கு எழுதுவது மெர்த்தர், உயர்நிலைக்கு இடம் ஒதுக்குவது ரோண்டா. ஒருவர் எண்ணை உயர்த்தினால் மற்றவர் கட்டடம் கட்ட வேண்டும். முப்பது லட்சம் மக்களுக்கு 22 மன்றங்கள் என்பதே அதிகம் என்பது என் கருத்து. இந்தப் பள்ளத்தாக்கு மன்றங்கள் நான்கைந்தும் சேர்ந்து ஒரே திட்டம் எழுதினால்தான் உயர்நிலைப் பள்ளிக் கேள்விக்கு விடை வரும். தனித்தனியாக எழுதும்வரை ஒவ்வொருவரும் மற்றவரைக் கைகாட்டுவதற்கு இடம் இருக்கும்.

ஐந்து வயதில் வெல்ஷ் வழியில் சேர்ந்த பிள்ளை பதினோரு வயதில் ஆங்கிலத்துக்கு மாறுவது பழைய நோய். திட்டங்களுக்கு அரசு வகுத்த ஏழு குறிக்கோள்களில் ஒன்று இதற்காகவே இருக்கிறது. மற்றவற்றில் மழலையர் வகுப்பு, தேர்வுப் பாடங்கள், வகுப்புக்கு வெளியே மொழியைப் பயன்படுத்தும் வாய்ப்பு ஆகியவை அடங்கும். கூடுதல் கற்றல் உதவி தேவைப்படும் பிள்ளைகளுக்கு அந்த உதவி வெல்ஷிலும் கிடைக்க வேண்டும் என்பதைத் தனிக் குறிக்கோளாக வைத்திருப்பது நியாயமானது. பேச்சுப் பயிற்சியாளர் வெல்ஷ் தெரியாதவர் என்ற ஒரே காரணத்தால் பிள்ளையை ஆங்கிலப் பள்ளிக்கு மாற்றச் சொல்வதைத் தடுக்க அது வேண்டும்.

மன்றம் தன் திட்டத்தையே மறந்துவிட்டால்? நீத் போர்ட் டால்பட் மன்றத்தில் அதுதான் நடந்தது. டாவே பள்ளத்தாக்கில் பொன்டர்டாவே பகுதியின் மூன்று ஆங்கில வழித் தொடக்கப் பள்ளிகளை மூடி, அவற்றுக்குப் பதில் பெரிய புதுப் பள்ளி ஒன்றைக் கட்ட 2021-ல் முடிவெடுத்தார்கள். நீச்சல் குளம், புதுக் கட்டடம், எல்லாம் ஆங்கில வழிக்கு. பக்கத்திலேயே இருக்கும் வெல்ஷ் வழிப் பள்ளிகளின் சேர்க்கை என்ன ஆகும் என்று ஆராயவில்லை. அந்தப் பள்ளத்தாக்கோ மொழி தள்ளாடிக்கொண்டிருக்கும் இடம். பெற்றோர் அமைப்பு உயர் நீதிமன்றத்துக்குப் போயிற்று. வெல்ஷ் மொழி மீதான தாக்கத்தை மதிப்பிடாமல் கருத்துக் கேட்டது சட்டத்துக்குப் புறம்பானது என்று 2022-ல் தீர்ப்பு வந்தது. மன்றத்தின் முடிவு ரத்தானது. அதற்கு இரண்டு ஆண்டு முன்பு பொன்டிப்ரித் பள்ளிகள் வழக்கில் பெற்றோர் உயர் நீதிமன்றத்தில் வென்று மேல்முறையீட்டில் தோற்றிருந்தார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். நீதிமன்றம் எப்போதும் கைகொடுக்காது.

எதிர்ப்பு மறுபக்கத்திலிருந்தும் வரும். கார்மார்தன்ஷையரில் லாங்கெனெக் என்ற ஊரின் பள்ளியில் வெல்ஷ், ஆங்கிலம் இரண்டு பிரிவும் இருந்தன. அதை முழு வெல்ஷ் வழிப் பள்ளியாக்க மன்றம் எடுத்த முடிவு 2017-ல் நடைமுறைக்கு வருமுன் ஊரே இரண்டுபட்டது. லண்டன் பத்திரிகைகளும் வந்து எண்ணெய் ஊற்றின. ஆங்கிலம் மட்டும் தெரிந்த பெற்றோரின் அச்சத்தை வெறுப்பு என்று முத்திரை குத்தி ஒதுக்குவது எனக்கு உடன்பாடில்லை. வீட்டுப்பாடத்தில் உதவ முடியாதே என்ற கவலை உண்மையான கவலை. ஆனால் மன்றத்தின் நிலையையும் பார்க்க வேண்டும். 2011-க்கும் 2021-க்கும் இடையில் கார்மார்தன்ஷையரில் வெல்ஷ் பேசுவோர் விழுக்காடு 43.9-லிருந்து 39.9-க்கு இறங்கியது. நாட்டிலேயே பெரிய சரிவு அங்கேதான். ஒரே கூரையின் கீழ் இரண்டு பிரிவு இருந்தால் விளையாட்டு மைதானத்தில் எந்த மொழி ஜெயிக்கும் என்பது ஆசிரியர்கள் எல்லோருக்கும் தெரிந்ததே.

க்வினெத் இதில் முன்னோடி. வெளியூரிலிருந்து குடிவரும் குடும்பத்துப் பிள்ளை எட்டு ஒன்பது வயதில் வந்து சேர்ந்தால் என்ன செய்வது என்ற கேள்விக்கு 1980-களிலேயே விடை கண்டார்கள். பிள்ளையைச் சில வாரங்கள் தனி மையத்தில் வைத்து முழுக்க வெல்ஷிலேயே பழக்கிவிட்டு, பிறகு ஊர்ப் பள்ளி வகுப்பில் சேர்க்கிறார்கள். இப்போது அந்த முறைக்கு அரசே மற்ற மன்றங்களுக்கும் பணம் கொடுக்கிறது. ஐந்து வயதில் தவறவிட்டவர்களுக்கு இரண்டாவது கதவு திறந்திருக்கிறது என்பது கிழக்கே இருக்கும் மன்றங்களுக்குப் பெரிய உதவி.

இவ்வளவுக்கும் பிறகு ஆசிரியர் இல்லையென்றால் என்ன பயன் என்று கேட்பீர்கள். சரியான கேள்வி. ஏழாவது குறிக்கோள் அதுதான். ஆனால் மன்றத்தின் கையில் மிகக் குறைந்த அதிகாரம் இருப்பதும் அங்கேதான். வெல்ஷில் கணிதம் கற்பிக்கும் ஆசிரியரை மன்றம் உருவாக்க முடியாது. பல்கலைக்கழகப் பயிற்சி இடங்களும் ஊதியமும் தேசிய அளவில் முடிவாகின்றன. பணியில் இருப்பவர்களை மொழிப் படிப்புக்கு விடுப்பில் அனுப்பலாம், அவ்வளவே. தன் கையில் இல்லாத ஒன்றுக்கு மன்றத்தைப் பொறுப்பாக்கிவிட்டு அரசு ஒதுங்கிக்கொள்ளும் அபாயம் இந்த ஏற்பாட்டில் ஆரம்பத்திலிருந்தே உண்டு.

அதற்கு ஓரளவு விடையாகத்தான் 2025-ல் புதிய சட்டம் வந்தது. மார்க் டிரேக்ஃபோர்ட் முன்னின்று கொண்டுவந்த வெல்ஷ் மொழி மற்றும் கல்விச் சட்டம் மே மாதம் நிறைவேறி ஜூலையில் அரச ஒப்புதல் பெற்றது. பத்து லட்சம் என்ற இலக்கு இப்போது சட்டத்திலேயே இருக்கிறது. பள்ளிகள் மூன்று வகையாகப் பிரியும்: பெரிதும் வெல்ஷ் வழி, இருமொழி, பெரிதும் ஆங்கிலம் பகுதி வெல்ஷ். மூன்றாவது வகையிலும் கற்பித்தலில் குறைந்தது பத்தில் ஒரு பங்கு வெல்ஷில் இருக்க வேண்டும் என்பதை நோக்கி நகர வேண்டும். 2050-க்குள் எந்தப் பள்ளியில் படித்தாலும், கட்டாயக் கல்வியை முடிக்கும் பிள்ளை தன்னம்பிக்கையோடு வெல்ஷில் பேசிப் பழகும் நிலையை எட்ட வேண்டும் என்கிறது சட்டம். பெரியவர்கள் உட்பட எல்லா வயதினருக்கும் மொழியைக் கற்பிக்க ஒரு தேசிய நிறுவனம் அமைகிறது. எத்தனை ஆசிரியர் தேவை என்ற கணக்கு அரசின் தேசியச் செயல்திட்டத்துக்குள் வருகிறது. மன்றங்களின் திட்டங்கள் தொடரும், ஆனால் இனி அந்தச் செயல்திட்டத்துக்குக் கீழே.

பத்தில் ஒரு பங்கு என்பது வாரத்தில் அரை நாள். பிளைனாய் க்வென்ட்டில் அதற்கே ஆசிரியர் தேட வேண்டியிருக்கும். அதேநேரம், அரை நாள் வெல்ஷ் கொடுத்துவிட்டோம், முழு வெல்ஷ் வழிப் பள்ளி எதற்கு என்று ஏதேனும் ஒரு மன்றம் கேட்கத் தொடங்கும் நாளை நினைத்தால் எனக்குச் சற்றுக் கலக்கம்தான்.

கடைசியாகப் பிறப்புக் கணக்கு. 2010-ல் வேல்ஸில் ஏறத்தாழ 36,000 குழந்தைகள் பிறந்தன. இந்தப் பத்தாண்டின் தொடக்கத்திலேயே அது 30,000-க்குக் கீழே போய்விட்டது. ஆங்கிலப் பள்ளிகளில் இருக்கைகள் காலியாகின்றன. காலி இருக்கைக்கும் கட்டடப் பராமரிப்புச் செலவு உண்டு என்பதால், இந்த நிலையில் புதிதாக வெல்ஷ் பள்ளி எதற்கு, அது பக்கத்துப் பள்ளியை இன்னும் காலியாக்கிவிடுமே என்று நிதி அதிகாரி கேட்பார். பதில் அந்தக் கேள்விக்குள்ளேயே இருக்கிறது. புதுக் கட்டடம் தேவையில்லை. பாதி காலியான பள்ளிகளில் ஒன்றை, கீழ் வகுப்பிலிருந்து ஆண்டுக்கு ஒரு வகுப்பாக, வெல்ஷ் வழிக்கு மாற்றிக்கொண்டு வரலாம். பவிஸ் மாவட்டத்தில் மஹின்லெத், லான்வைர் கைரைனியான் ஊர்களில் இருமொழிப் பள்ளிகளை இப்படித்தான் படிப்படியாக மாற்றிக்கொண்டிருக்கிறார்கள். அங்கே மாற்ற முடிந்தது இருமொழிப் பள்ளி என்பதால். முழு ஆங்கிலப் பள்ளி ஒன்றை மாற்றுவதாக எந்த மன்றமாவது அடுத்த திட்டத்தில் எழுதுகிறதா, எழுதினால் அந்த ஊரின் பேருந்து வழித்தடத்தையும் அதோடு சேர்த்து மாற்றி எழுதுகிறதா என்று நான் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

நன்றி, வணக்கம்.